எதைக் கொடுத்தால் தின்னும்?

அத்தியாயம் 7: பாக்கெட் பிஸ்டலும் அதன் தோட்டாவும்

டெக்சாஸில் ஒரு ரேஞ்ச். நண்பர் ஒருவர் அப்போதுதான் வாங்கிய .380 பிஸ்டலோடு வந்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான். கூடவே, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய குழிமுனைத் தோட்டா ஒரு பெட்டி. முதல் இரண்டும் ஒழுங்காக வெடித்தன. மூன்றாவது பேரலுக்குள் போகாமல் பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். ஐந்தாவதும் அதே இடத்தில் நின்றது. "டிஃபெக்ட் பீஸ் தலையில கட்டிட்டான்" என்று அவர் பெட்டியை மூடப் போகையில், பக்கத்து லேனில் இருந்த வயதான வெள்ளைக்காரர் தன் பையிலிருந்து சாதாரண உருண்டை முனைத் தோட்டா ஒரு பெட்டி எடுத்து நீட்டினார். ஐம்பதையும் சுட்டோம். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

அந்தப் பிஸ்டலில் பழுது இல்லை. அந்த விலையுயர்ந்த தோட்டாவிலும் பழுது இல்லை. பெரிய பிஸ்டலில் போட்டிருந்தால் வெண்ணெய் போல ஓடியிருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பெரிய துப்பாக்கிகள் கொடுத்ததைத் தின்னும் மாடு மாதிரி. குட்டித் துப்பாக்கிகள் முகர்ந்து பார்த்துத் தின்னும். இது எதைத் தின்னும் என்று கண்டுபிடிப்பது வாங்கியவரின் வேலை. கடைக்காரருக்கு அது தெரியாது, விளம்பரத்துக்கும் தெரியாது.

முந்தைய அத்தியாயங்களைத் தாண்டி நேரே இங்கே வந்தவர்களுக்கு ஒரு வரி: இந்த நூல் அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கானது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும்கூட, சில விலக்குகள் நீங்கலாக, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தபின் வாருங்கள்.

மாடிப்படியில் பீரோ

சுட்டதும் உள்ளே நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அழுத்தம் கூட்டைப் பின்னே தள்ள, ஸ்லைடு பின்வாங்குகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி வெற்றுக்கூட்டைச் சேம்பரிலிருந்து உருவுகிறது. எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. பிறகு ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே விரட்டுகிறது. போகிற போக்கில் அது மேகசின் வாயில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை முதுகில் தள்ளி, ஃபீட் ராம்ப் என்கிற சின்னச் சரிவில் ஏற்றி, சேம்பருக்குள் நுழைத்துக் கதவைச் சாத்துகிறது. எல்லாம் கண் இமைப்பதற்குள்.

கோல்ட் 1911 போன்ற பெரிய பிஸ்டலில் இதற்கெல்லாம் தாராளமாக இடம் உண்டு. அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல். ஸ்லைடு நீளம், கனம். 2008இல் வந்த ரூகர் எல்சிபியோ தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம், பேரல் 2.75 அங்குலம். 1999இல் வந்த கெல்-டெக் பி-32 இன்னும் இளைத்தது, 200 கிராம்கூடத் தேறாது. துப்பாக்கி சுருங்கியது, தோட்டா சுருங்கவில்லை. அதே 25 மில்லிமீட்டர் நீளத் தோட்டா இந்தக் குறுகிய கூட்டுக்குள் திரும்பி, ஏறி, நுழைய வேண்டும். அகலமான வீட்டில் பீரோவை எப்படித் தூக்கினாலும் மாடிக்குப் போய்விடும். ஒண்டுக்குடித்தன வீட்டின் படிக்கட்டில் ஒரு விரற்கடை கோணம் தப்பினால் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும்.

இடம் மட்டுமல்ல, நேரமும் குறைவு. ஸ்லைடு லேசாக இருப்பதால் வேகமாக ஓடுகிறது. அதைத் தடுத்து நிறுத்தச் சின்ன இடத்தில் கடினமான ஸ்பிரிங் போடுகிறார்கள். ஸ்லைடின் ஓட்டமும் குட்டை. தோட்டாவின் நீளத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஸ்லைடு போய்த் திரும்புவதற்குள் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியாக வேண்டும். தோட்டாவில் மருந்து கொஞ்சம் குறைவாக இருந்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னே போகாது. கொஞ்சம் அதிகமாக இருந்தால் மேகசின் எழுப்புவதற்குள் தாண்டி ஓடிவிடும். பெரிய பிஸ்டலில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இங்கே சிக்கலாகிறது. தோட்டாவுக்குத் தோட்டா இந்தப் பிஸ்டல் முகம் சுளிப்பது அதனால்தான்.

குழி வைத்த முனை

தற்காப்புக்கு ஏன் குழிமுனை? உடலில் பட்டதும் அந்தக் குழி விரிந்து குண்டு காளான் போல் அகலமாகும். எதிரே இருப்பவரைத் துளைத்துப் போய்ப் பின்னால் நிற்கும் அப்பாவியைத் தாக்கும் வாய்ப்பு குறையும். ஆனால் விரிகிற குண்டு ஆழமாகப் போகாது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள். கொலையாளி மேல் முன்னதாகவே பாய்ந்த ஒரு 9 மி.மீ. சில்வர்டிப் குண்டு விரிந்து, இதயத்தை எட்டாமலே நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் எஃப்பிஐ ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் முறையை வகுத்தது: குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது.

அந்த அளவுகோலில் .380 திணறும். அமெரிக்கத் தரப்படி 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ; .380க்கு 21,500தான். குட்டைப் பேரலில் வேகம் இன்னும் இறங்கும். எனவே .380 குழிமுனை பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். நன்றாக விரிந்து ஆழம் போகாமல் நிற்கும். அல்லது விரியாமலே ஆழமாகப் போகும். இந்தக் காரணத்துக்காகவே பாக்கெட் பிஸ்டலில் முழுதும் செம்பு உறை போர்த்திய உருண்டை முனைத் தோட்டாவை, அதாவது எஃப்எம்ஜேயை, வைத்துக்கொள்பவர்கள் நிறைய. அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதோடு குழிமுனைக்கு இன்னொரு தொல்லை: வாய் அகலம். உருண்டை முனை ராம்பில் வழுக்கி ஏறும். வாய் திறந்த முனையின் விளிம்பு ராம்பின் மேட்டிலோ சேம்பரின் உதட்டிலோ தட்டும். தயாரிப்பாளர்கள் இதை அறிந்து வழி கண்டிருக்கிறார்கள். ஹார்னடியின் கிரிட்டிகல் டிஃபென்ஸ் தோட்டாவில் குழியைச் சிவப்பு நிற மென்பாலிமர் அடைத்திருக்கும். அது முக்கியமாகத் துணி புகுந்து குழியை அடைக்காமல் இருக்க வந்த ஏற்பாடு. ஆனால் முனை உருண்டையாகிவிடுவதால் ஏறவும் சுலபம். கார்-பான் நிறுவனத்தின் பவ்ர்பால் குழிக்குள் ஒரு பாலிமர் உருண்டையையே வைத்து முனையை மூடியது.

என் கருத்தைக் கேட்டால்: குழிமுனை ஒன்று உங்கள் பிஸ்டலில் நூற்றுக்கு நூறு ஓடினால் அதை வையுங்கள். தொண்ணூற்றெட்டு ஓடினால் வைக்காதீர்கள். விரியாத குண்டு வெளியே போகவாவது செய்யும்.

ஒரே தோட்டாவுக்காகப் பிறந்த பிஸ்டல்

பிஸ்டலுக்கேற்ற தோட்டாவைத் தேடுவதைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தோட்டாவைச் சுற்றியே பிஸ்டலைக் கட்டிய கதையும் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் தொழில் நடத்திய ஜெர்மானியத் துப்பாக்கிக் கம்மியர் லுட்விக் சீகாம்ப், .25 தோட்டா பிஸ்டல் அளவுக்குள் .32ஐ அடக்க விரும்பினார். முழு நீள உருண்டை முனைத் தோட்டாவுக்கு அந்தப் பிடியில் இடமில்லை. எனவே அவர் வின்செஸ்டர் சில்வர்டிப்பை, அந்த 60 கிரெய்ன் குழிமுனையை, அளவாக எடுத்துக்கொண்டார். மயாமியில் பெயர் கெட்ட அதே குடும்பம்தான், ஆனால் .32இல் அதன் முனை குட்டை என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மேகசினையே அந்த நீளத்துக்கு வெட்டினார். சாதாரண எஃப்எம்ஜே அதற்குள் இறங்கவே இறங்காது.

1980களில் வந்த அவருடைய எல்டபிள்யூஎஸ் .32இல் குறிபார்க்கும் மேடுகூடக் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எதற்குக் குறி? ஆனால் ஆர்டர் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய பிஸ்டல் புதியதைவிட அதிக விலைக்குப் போனது. தோட்டா விஷயத்தில் இத்தனை கறார் பேசிய பிஸ்டலைத்தான் நம்பகமானது என்று எல்லோரும் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். "எது போட்டாலும் ஓடும்" என்ற வாக்குறுதியை அவர் தரவில்லை. "இதைப் போடு, ஓடும்" என்றார்.

உங்கள் பிஸ்டலின் கையேட்டிலும் இப்படி ஒரு பட்டியலோ எச்சரிக்கையோ இருக்கும். ப்ளஸ்-பி என்ற கூடுதல் அழுத்தத் தோட்டா கூடாது என்று போட்டிருந்தால் கூடாது. .380க்கு அமெரிக்கத் தர அமைப்பில் ப்ளஸ்-பி என்றொரு வரையறையே இல்லை. பெட்டியில் அப்படி அச்சிட்டிருந்தால் அது அந்தக் கம்பெனியின் சொந்த அளவு.

.32இன் விளிம்புச் சண்டை

.32 ஏசிபி 1899இல் பிரௌனிங் வடிவமைத்தது. அதன் அடியில் உள்ள விளிம்பு கூட்டின் உடலைவிடச் சற்றே அகலம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் நழுவிவிட்டால் மேல் தோட்டா முன்னே போக முடியாமல் பூட்டிக்கொள்ளும். இதற்கு ரிம்லாக் என்று பெயர்.

இதில் வேடிக்கை, குழிமுனைதான் இங்கேயும் குற்றவாளி. முழு நீள எஃப்எம்ஜே மேகசினின் முன்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் நழுவ இடமில்லை. குட்டையான குழிமுனை அதே மேகசினில் முன்னும் பின்னும் ஆடும். சுடும் அதிர்ச்சியில் விளிம்பு மாறிவிடும். சீகாம்ப் மேகசினைக் குட்டையாக்கியதால் தப்பித்தார். மற்ற .32 வைத்திருப்பவர்கள் உருண்டை முனையோடு நிற்பது நல்லது. ரிம்லாக் மற்றச் சிக்கல்களைப் போல ஸ்லைடை ஒரு இழுப்பு இழுத்தால் விடுபடாது. மேகசினைக் கழற்றி, மெல்லிய கம்பியால் தோட்டாவை நெம்ப வேண்டும். ரேஞ்சில் அது ஐந்து நிமிட எரிச்சல். ஆபத்து நேரத்தில் உங்கள் கையில் இருப்பது இரும்புக்கட்டி.

.32க்கு இன்னொரு விசித்திரம். ஐரோப்பியத் தரத்தில் அதன் உச்ச அழுத்தம் 1,600 பார், அதாவது சுமார் 23,200 பிஎஸ்ஐ. அமெரிக்கத் தரத்தில் 20,500. பெட்டியில் எழுதியிருப்பது ஒரே பெயர், உள்ளே இருக்கும் வேகம் வேறு. அமெரிக்கத் தோட்டாவில் சோம்பிப்போய்க் கூட்டைச் சரியாக எறியாத பழைய ஐரோப்பியப் பிஸ்டல் ஒன்று, ஐரோப்பியத் தோட்டா போட்டதும் சுறுசுறுப்பாகிவிடலாம்.

.22 என்ற ஆசை

விலை மலிவு, உதைப்பு இல்லை என்று .22 பக்கம் போகிறவர்கள் உண்டு. அந்தத் தோட்டாவில் பிரைமர் நடுவில் தனிக் குமிழாக இருக்காது. கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே வெடிகலவை பரவியிருக்கும். எங்கேனும் ஒரு இடத்தில் பரவாமல் விட்டுப்போய், ஃபயரிங் பின் அந்த இடத்திலேயே அடித்தால் 'டொக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கும். இதைத் தவிர்க்கத்தான் பிரௌனிங் 1905இல் நடுப் பிரைமர் உள்ள .25 ஏசிபியை உருவாக்கினார். பலத்தில் .22ஐவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடித்தால் வெடிக்கும்.

பெரெட்டா 21ஏ பாப்கேட் .22இல் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதில் எக்ஸ்ட்ராக்டரே கிடையாது. வெடித்த வாயுவின் அழுத்தமே கூட்டைப் பின்னே ஊதித் தள்ளுகிறது. அப்படியென்றால் சோம்பலான தோட்டா போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதற்கு வேகம் கூடிய, செம்பு முலாம் பூசிய தோட்டாதான் வேண்டும். வெடிக்காத தோட்டாவை ஸ்லைடை இழுத்து எடுக்க முடியாது. பக்கத்து நெம்புகோலை அழுத்தினால் பேரல் பின்புறம் மேலே எழும்பும், கையால் எடுக்க வேண்டும். விரலில் பலம் குறைந்த, ஸ்லைடை இழுக்க முடியாத பெரியவர்களுக்கு இதே அமைப்பு வரம். முதல் தோட்டாவைக் கையாலேயே பேரலில் வைத்து மூடிவிடலாம்.

கையும் ஒரு உறுப்பு

ஸ்லைடு பின்னே ஓட, மீதித் துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும். ஒரு கிலோ துப்பாக்கி தன் கனத்தாலேயே நிற்கும். 270 கிராம் துப்பாக்கி உங்கள் மணிக்கட்டை நம்பி நிற்கிறது. மணிக்கட்டு தளர்ந்தால் மொத்தத் துப்பாக்கியும் சேர்ந்து பின்னே போகும். ஸ்லைடு பாதி வழியில் நின்று, வெற்றுக்கூடு வாயில் சிக்கிப் புகைபோக்கி போல நட்டமாக நிற்கும். இப்படிச் சிக்கினால் துப்பாக்கியைத் திட்டும் முன் வேறொருவர் கையில் கொடுத்து அதே தோட்டாவைச் சுடச் சொல்லுங்கள். சரியாக ஓடினால், மாற்ற வேண்டியது பிடியைத்தான்.

ஸ்பிரிங்கும் சீக்கிரம் கிழடு தட்டும். ரோர்பா ஆர்9 என்ற மிகச் சிறிய 9 மி.மீ. பிஸ்டலுக்கு 200 தோட்டாவுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னார்கள். நாலு வார இறுதிப் பயிற்சி, ஒரு ஸ்பிரிங். எல்லாப் பிஸ்டலும் இவ்வளவு மோசமில்லை. ஆனால் உங்களுடையதற்கு எத்தனை என்று கையேட்டில் பார்த்து, ஸ்பிரிங் மாற்றிய தேதியை எங்காவது எழுதி வையுங்கள். நன்றாக ஓடிய தோட்டா திடீரென்று சிக்க ஆரம்பித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்பிரிங்கை, அடுத்தது மேகசினை.

சிக்கலைப் படிப்பது

சிக்கியதும் பதற்றத்தில் இழுத்து எறிந்துவிடாதீர்கள். துப்பாக்கி முனை குறிப்பலகையை நோக்கியபடியே இருக்க, விரல் ட்ரிகரை விட்டு வெளியே வந்தபின், ஒரு கணம் பாருங்கள். தோட்டா எப்படி நிற்கிறதோ அதுதான் நோயின் பெயர்.

முனை தாழ்ந்து ராம்பில் குத்தி நின்றால் முனையின் வடிவம், அல்லது மேகசின் ஸ்பிரிங். வெற்றுக்கூடு வாயில் நின்றால் பலவீனமான தோட்டா, தளர்ந்த பிடி. ஸ்லைடு ஒரு நூல் இடைவெளியில் மூடாமல் நின்றால் சேம்பரில் அழுக்கு, அல்லது அளவு பெருத்த தோட்டா. 'டொக்' என்று மட்டும் கேட்டால் முப்பது விநாடி முனையைத் திருப்பாமல் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி இருந்தும் வெடிக்கவில்லையென்றால் தோட்டா செத்தது. குழி ஆழமில்லாமல் லேசாக இருந்தால் பிரைமர் கடினம், அல்லது உங்கள் ஃபயரிங் பின் சோம்பல். குட்டித் துப்பாக்கிகளில் அடிக்கும் ஸ்பிரிங்கும் குட்டிதான். கடினப் பிரைமர் உள்ள சில தோட்டாக்களை அது உடைக்காது.

ஒன்றை மட்டும் படிக்க முயலாமல் உடனே நிறுத்துங்கள்: வழக்கத்தைவிட மெலிந்த 'புஸ்' சத்தம். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். இறக்கி, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பார்த்தபின்தான் மற்றது. ராம்பைப் பளபளப்பாக்க உப்புத்தாளை எடுக்கும் ஆசையும் வேண்டாம். அது கம்மியர் வேலை. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

பரீட்சை

நான் செய்வது இது. மலிவான எஃப்எம்ஜே இருநூறு சுட்டுப் பிஸ்டலைப் பழக்குவேன். இதில் வரும் ஒன்றிரண்டு சிக்கலை மன்னிப்பேன். மேகசின்களில் 1, 2 என்று பெயின்டால் எண் போடுவேன், ஏனெனில் சிக்கல்கள் பல நேரம் ஒரே மேகசினில்தான் வருகின்றன. பிறகு இடுப்பில் வைக்கப்போகும் தோட்டாவில் நூறு. ஒரு கையால் கொஞ்சம், இடது கையால் கொஞ்சம். இந்த நூற்றில் துப்பாக்கி மேல் பழி விழுகிற ஒரே ஒரு சிக்கல் வந்தாலும் அந்தத் தோட்டா என் பட்டியலில் இல்லை, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். நூறு குழிமுனை சுடுவது பணத்தைக் கொளுத்துவதாகத் தோன்றும். உண்மைதான். அதனால்தான் முதலில் இருபது மட்டும் வாங்கி முகர வைக்க வேண்டும். முகம் சுளித்தால் இருபதோடு போகும். பிடித்த தோட்டா கிடைத்தால் ஒரே லாட் எண் உள்ள பெட்டிகளாகச் சேர்த்து வாங்குங்கள்.

தோட்டா கிடைத்தபின்னும் அதை அப்படியே விட்டுவிட முடியாது. தினமும் இறக்கி, தினமும் ஏற்றுகிறவர்கள் அதே முதல் தோட்டாவை மறுபடி மறுபடி சேம்பரில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ராம்பில் மோதிக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், ரேஞ்சில் உள்ள கழிவுத் தோட்டா வாளியில் போடுங்கள்.

பாக்கெட்டில் வைப்பவர்களுக்குப் பஞ்சு எதிரி. பேன்ட் பாக்கெட்டின் நூல் துகள் பேரலிலும் மேகசின் வாயிலும் சேரும். உறையில்லாமல் பாக்கெட்டில் போடவே கூடாது, அது ட்ரிகர் சம்பந்தப்பட்ட உயிர்ப் பிரச்சினை. உறை இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறக்கித் துடையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு போதும். குளிக்க வைத்தால் பஞ்சு அதிலேயே ஒட்டும்.

ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைத் தனியாக வையுங்கள். அந்தப் பையை ஊருக்குப் போகும்போது கைப்பையாக்கி, அதன் ஓரத்துச் சிற்றறையில் மறந்துபோன ஒரு தோட்டாவோடு இந்திய விமான நிலையத்தில் நின்றவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஒற்றைத் தோட்டா இருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க வக்கீலும் வாய்தாவும் ஆகும், விடுமுறை போய்விடும். சென்னைக்கு டிக்கெட் போட்ட அன்றே பெட்டி, பை, ஜாக்கெட் எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிடுங்கள்.